கருப்பணன் பெயர் போகமாட்டேன் என்கிறது

ஜூலை 28, 2003, திங்கள்

ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று இடத்தில் மாற வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! கேட்டவருக்கும் சுலபமாகத்தான் இருந்தது. தாராபுரத்தில் டயாலிசிஸ் மையம் நடத்தும் டிரஸ்டின் செயலாளர், அரிசி ஆலைக்காரர், போன வாரம் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து டீ குடித்து முடிப்பதற்குள் வேலையைச் சொல்லி முடித்துவிட்டார். "ஒரே பட்டன் அம்மிணி. அழுத்துனா எல்லாம் மாறிரோணும்." கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டது ஒரு வலைப்பக்கம். அதை நான்கு ஃபிரேமாகப் பிரித்திருக்கிறேன். மேலே விவரம் நிரப்பும் படிவம், அதில் ஒரு பொத்தான். இடது பக்கம் எந்த மெஷினில் எந்தக் கிழமை யாருக்கு டயாலிசிஸ் என்ற அட்டவணை. வலது பக்கம் இடத்துக்காகக் காத்திருப்பவர்கள். கீழே பெயர்ப்பலகை, அதாவது மையத்து நோயாளிகள் எல்லோருடைய பெயரும் பெரிய எழுத்தில். நன்கொடை கொடுத்தவர்கள் வந்தால் ஹாலில் மாட்டும் திரையில் அண்ணாந்து பார்த்துப் பூரிக்க வேண்டுமாம்.

படிவம் ஒரே ஒரு ஃபிரேமுக்குத்தான் பதில் அனுப்புகிறது. இடதைச் சொன்னால் இடது மாறுகிறது, மற்ற இரண்டும் எனக்கென்ன என்று நிற்கின்றன. வலதைச் சொன்னால் இடது முறைத்துக்கொள்கிறது. மூன்றையும் சொல்ல அதில் இடமே இல்லை. காலையிலிருந்து இதோடு மல்லுக்கட்டியதில் டைப்பிங் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு முறை காரணமில்லாமல் திட்டிவிட்டேன். மூன்று மவுஸ்களின் உருண்டையைக் கழற்றி அழுக்கைச் சுரண்டினேன். அது ஒன்றுதான் இன்று உருப்படியாக நடந்த வேலை.

நாளை செவ்வாய். அண்ணனோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

போய் வந்தோம். பஸ்ஸில் உட்கார இடமில்லை. எழுதத் தெம்பும் இல்லை.

ஜூலை 31, வியாழன்

வழி கிடைத்துவிட்டது! படிவம் ஒரு ஃபிரேமுக்குத்தானே பதில் அனுப்பும்? அனுப்பட்டும். அந்தப் பதிலுக்குள்ளேயே இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்டை வைத்துவிட்டேன். இடது ஃபிரேம் வந்து இறங்கியதும் மற்ற இரண்டையும் பார்த்து, நீங்களும் புதுசாகுங்கள் என்று சொல்லும். அவையும் மறுபேச்சில்லாமல் ஆகின்றன. இந்த இரண்டு வரி நான்கு நாளாக என் தலையைத் தின்றிருக்கிறது.

அண்ணி கடையிலிருந்து போன் செய்தாள். அண்ணன் எனக்குத் தெரியாமல் மோர் குடித்தாராம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னபடி அளந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறேன். சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் பாசத்தில் வாங்கிக் கொடுக்கிறார்கள், இவரும் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக் குடிக்கிறார். என்ன ஜென்மமோ.

ஆகஸ்ட் 2, சனி

மையத்தில் பக்கத்தை நிறுவியாயிற்று. வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் தெரிவது அப்படியே ஹாலில் மாட்டிய பெரிய திரையிலும் தெரியும்படி வயர் இழுத்தேன். செயலாளர் பொத்தானை ஆறேழு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, ரேஸில் ஜெயித்தவர் மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

பக்கத்தைக் கையாளப்போவது வரவேற்பில் இருக்கும் தெய்வானையக்கா. மையம் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். இரண்டு விரலால் தட்டுகிறார், ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்துக் கும்பிடாத குறையாக அழுத்துகிறார். யாராவது சேர்ந்தால் 'சேர்ப்பு', யாருக்காவது இடம் காலியானால் 'விலகல்', பிறகு பொத்தான். அவ்வளவுதான் என்று பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தேன். பதினோராவது தடவையும் கேட்டார்.

இருப்பது நான்கு மெஷின். எல்லாக் கிழமையும் நிறைந்திருக்கிறது. வலது ஃபிரேமில் காத்திருப்பவர்களில் முதல் பெயர் சிவமலை. யார் அது என்று அக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை செய்ய வந்த இடத்தில் சலுகைக்கு நிற்கிறவள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். செயலாளர். "கருப்பணன் போய்ச் சேர்ந்து ரெண்டு நாளாச்சுங்க அம்மிணி. உங்க கம்ப்யூட்டரு இன்னும் அவரைப் படுக்க வெச்சிருக்குது."

கருப்பணன் வாழைக்காய் மண்டிக்காரர். மூன்றாம் மெஷின், திங்களும் வியாழனும் காலையில். வண்டி வண்டியாக வாழைப்பழம் விற்றவருக்கு ஒரு பழம்கூடச் சாப்பிடக் கூடாது என்று விதித்திருந்தார்கள். பாவம், புதன்கிழமை போய்விட்டாராம். செயலாளர் தெய்வானையக்காவிடம் பெயரை எடுக்கச் சொன்னாராம், அக்கா அவர் முன்னாலேயே பொத்தானை அழுத்தினாராம், பெயரும் போனதாம். சாயங்காலம் வந்து பார்த்தால் அட்டவணையிலும் பலகையிலும் கருப்பணன் திரும்ப உட்கார்ந்திருக்கிறாராம். அட்டவணையில் பெயர் இருக்கிற வரைக்கும் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதாம்.

போன பெயர் எப்படித் திரும்ப வரும்? அழுகையாக வருகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு நாளாக என் சென்டரில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். சொன்ன பெயர் சொன்னபடி போகிறது. ஒருவேளை பிரவுசர் பழைய பக்கத்தையே எடுத்து வைத்துக்கொண்டு காட்டுகிறதோ என்று, ஒவ்வொரு முறையும் முகவரியோடு நேரத்தையும் ஒட்டி அனுப்பும்படி மாற்றினேன். சி.டி.யில் போட்டு எடுத்துப்போய் மையத்தில் நிறுவினேன். அக்கா அழுத்தினார், போயிற்று. கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறவைத்ததை ஆட்டிக்கொண்டிருக்கும்போது செயலாளரின் போன். கருப்பணன் வந்துவிட்டார்.

அரிசியை அப்படியே கிரைண்டரில் விட்டுவிட்டுக் கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். செத்துப்போன மனிதரை இவ்வளவு வெறுப்பேன் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோயம்புத்தூர். அண்ணனுக்குக் கால் வீங்கியிருந்தது. பஸ் படியில் ஏறவே இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். மோர் குடித்தீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். பொய்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று சென்டரைப் பூட்டிவிட்டு மையத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒருநாள் முழுக்க அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது, அது என்னை மீறி என்ன செய்கிறது பார்க்கலாம் என்று வைராக்கியம்.

காலையில் செயலாளர் வந்து நின்று பெயரை எடுக்கச் சொன்னார். அக்கா எடுத்தார். மூன்று ஃபிரேமும் கண்மூடித் திறப்பதற்குள் மாறின. செயலாளர் என்னைப் பார்த்து, இப்ப மட்டும் ஒழுங்கா நடிக்குது பாருங்க என்று சொல்லிவிட்டு ஆலைக்குப் போனார். நான் ஹாலில் தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா இருபுறமும் பார்த்தார். பிறகு நிதானமாக 'சேர்ப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு விரலால் க, ரு, ப் என்று தேடித் தேடித் தட்டி, மூன்றாம் மெஷின், திங்கள், வியாழன், காலை என்று நிரப்பிப் பொத்தானை அழுத்தினார். மூன்று ஃபிரேமும் ஒரே நேரத்தில் மாறி, இடதிலும் கீழேயும் கருப்பணன் வந்து உட்கார்ந்தார். என் நிரல் அவ்வளவு அழகாக வேலை செய்து நான் அதுவரை பார்த்ததில்லை.

எழுந்து போய், என்னக்கா பண்றீங்க என்று கேட்டேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அக்கா பதறவில்லை. "காரியம் முடியட்டுங் கண்ணு. பதினாறாவது நாள் வரைக்கும் அவங்கூட்ல வெளக்கு எரியுது. அதுக்குள்ள நாம பேரை அழிச்சுப்போட்டா அவரு சம்சாரத்தோட மனசு என்னாகும்? மிச்ச மருந்தத் திருப்பித் தர்றேன், சீட்டைத் தர்றேன்னு தெனம் ஒரு சாக்குல வந்து அந்தப் பலகையத்தான் பார்த்துட்டுப் போகுது."

அக்கா இங்கே வந்ததிலிருந்து இப்படித்தானாம். முன்பு கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்த காலத்திலும், யார் இறந்தாலும் காரியம் முடிகிற வரைக்கும் பெயரைத் துடைக்கமாட்டாராம். மேலே இருக்கிறவர்கள் யாரும் கவனித்ததில்லை. கம்ப்யூட்டர் வந்ததால்தான் மாட்டிக்கொண்டார். நான் இங்கே ஃபிரேமையும் பிரவுசரையும் மைக்ரோசாஃப்டையும் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதினாறு நாளைக்கு அந்த மெஷின் சும்மாவா கிடக்கும் என்று கேட்டேன். காத்திருக்கிறவர் கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார், இன்னும் ஒரு வாரம், தாங்குவார் என்றார் அக்கா.

எனக்கு வந்த கோபத்தில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அந்தக் காத்திருக்கறவரு எங்கண்ணனுங்கக்கா. பஸ் படி ஏற முடியல அவருக்கு."

அக்காவின் முகம் மாறிப்போயிற்று. முன்னமே சொல்லியிருக்கலாமே கண்ணு என்றார். சொல்லியிருந்தால் பெயரை எடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். அக்கா திரும்பப் படிவத்தைத் திறந்து, 'விலகல்' போட்டு, பொத்தானை மட்டும் அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டார். நான் அழுத்தினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

செயலாளர் போன் செய்தார். திங்கட்கிழமையிலிருந்து மூன்றாம் மெஷின் சிவமலைக்கு. ஒன்றரை வருடமாகக் காத்திருந்த போன். கடைக்கு ஓடினேன். அண்ணன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். தொட்டியில் குமிழி வந்துகொண்டே இருந்தது, அவர் டியூபை எடுக்கவில்லை.

யாருடைய இடம் என்று கேட்டார். சொன்னேன். காரியம் ஆச்சா என்று கேட்டார். இருபத்தொன்றாம் தேதி என்றேன்.

"அப்ப அதுக்கப்பறம் போறேன்."

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். அண்ணி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பேசினோம். அவர் டியூபைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்.

"நாயகி, நீ கூட வர ஆரம்பிக்கறதுக்கு முன்னால, போன வருசம் பூரா நானும் அவரும் ஒரே பஸ்ல கோயம்புத்தூர் போனோம். ஒவ்வொரு தடவையும் முன்னாலயே வந்து ஜன்னல் வழியா துண்டு போட்டு எனக்கு எடம் புடிச்சு வெப்பாரு. அவருக்கு இங்க கெடச்சப்பறந்தான் நான் நின்னுட்டுப் போறேன். எடம் புடிச்சுக் குடுத்த மனுசன் எடத்துல, காரியங்கூட முடியாம நான் போய்ப் படுக்கறதா?"

செத்தவருக்கு எதற்கு மெஷின் என்று கத்திவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெய்வானையக்கா ஒன்று, இவர் ஒன்று. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்கள் இந்த மனசாட்சியை? எனக்கு மட்டும் ஏன் இரண்டு பேர்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம் என்று பஸ்ஸில் கூட்டம். பல்லடம் தாண்டியதும் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவி என் மேல் சாய்ந்தார். கண்டக்டர் இரண்டு பேரை எழுப்பி உட்காரவைத்தார். ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டார். உதடெல்லாம் ஒரு நிறமாக ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஆக்சிஜன் வைத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே வந்து என்னைத்தான் திட்டினார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இனிமேல் இவ்வளவு தூரம் பஸ்ஸில் கூட்டி வராதீர்கள் என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதுவரை அதை எழுதவில்லை. என் கிட்னி அவருக்குச் சேராது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சல்தான். டிரஸ்ட் வேலையைச் சென்டருக்குப் பெயர் கிடைக்கும் என்றுதான் எடுத்தேன் என்று அண்ணியிடம் சொன்னேன், அதையும் அவள் நம்பினாள். அந்த வலது ஃபிரேமில் முதல் பெயர் எப்போது இடது ஃபிரேமுக்குப் போகும் என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

திரும்பி வரும்போது வாடகைக் கார். அண்ணன் வழி முழுக்கத் தூங்கினார். எழுந்ததும், திங்கட்கிழமை போகலாம் அல்லவா என்று கேட்டேன். வியாழன் வரைக்கும்தானே என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

சோறு இறங்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா காப்பாற்றப் பார்ப்பது என்ன? மெஷினையா? இல்லை. அந்தம்மா மெஷின் அட்டவணையை ஏறிட்டும் பார்ப்பதில்லை, கீழே ஓடும் பெயர்ப்பலகையைத்தான் பார்க்கிறார். அண்ணனுக்கு உறுத்துவதும் காரியம் முடியும் முன் கருப்பணன் பெயரைத் துடைப்பதுதான். மூன்று ஃபிரேமும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்று யார் சொன்னது? செயலாளர் சொன்னார், நான் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகத் தொங்குகிறேன்.

மத்தியானம் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். 'விலகல்' பக்கத்தில் இறந்த தேதிக்கு ஒரு கட்டம். பொத்தானை அழுத்தியதும் இடதில் இடம் காலியாகும். வலதில் முதலில் இருப்பவர் அங்கே போவார். கீழே பெயர் மட்டும் பதினாறாவது நாள் முடிகிற வரைக்கும் இருக்கும், அப்புறம் தானாகப் போகும். எவ்வளவு பாடுபட்டு மூன்றையும் சேர்த்துக் கட்டினேனோ, அதைவிடச் சீக்கிரமாக ஒன்றை அவிழ்த்துவிட்டேன்.

மையத்தில் நிறுவி, புதனன்று நான் எடுத்த பெயரைப் பலகையில் திரும்ப வரவழைத்தேன். தெய்வானையக்கா வெகு நேரம் திரையைப் பார்த்தார். இதை நான் பார்த்துக்க வேண்டியதே இல்லையா கண்ணு, அதுவே பாத்துக்குமா என்று கேட்டார். ஆமாங்க்கா என்றேன். காரியம் முடியாமல் வரமாட்டேன் என்று அண்ணன் நிற்பதையும், அந்தப் பஸ் துண்டுக் கதையையும் சொன்னேன். உங்கண்ணனைக் கூட்டிட்டு வா, அந்தம்மாகிட்ட நான் பேசறேன் என்றார். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார். 

ஆகஸ்ட் 18, திங்கள்

அண்ணனைச் சும்மா திரையைப் பார்க்க வாருங்கள் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார். கீழே கருப்பணன் பெயர் மற்றவர்களோடு சேர்ந்து இருந்தது. இடது பக்கம் மூன்றாம் மெஷினுக்கு நேரே சிவமலை என்று இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.  உள்ளே மட்டும் போகவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், கருப்பணன் வீட்டம்மா மாராத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தெய்வானையக்கா. அந்தம்மா எழுந்து எங்களைத் தாண்டி நேராக உள்ளே போனார். கையில் ஒரு பச்சைக்கரைத் துண்டு. மூன்றாம் மெஷின் கட்டிலில் அதை விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு வெளியே வந்தார்.

"போங்க தம்பி. அவரு துண்டு போட்டு வெச்சிருக்காரு."

அண்ணன் செருப்பைக் கழற்றினார். குனியும்போது தடுமாறியதால் நான் பிடித்துக்கொண்டேன். நான்கு மணி நேரம் அந்தத் துண்டின் மேல் படுத்திருந்தார். நான் ஹாலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். தெய்வானையக்கா டீ வாங்கிக் கொடுத்தார், அதில் சர்க்கரையே இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பத்து நிமிட நடை. நடுவில் ஒரு தடவைதான் நின்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கருப்பணன் வீட்டில் காரியம். அண்ணி போய்விட்டு வந்தாள். அண்ணனுக்கு மையத்தில் முறை. பலகையில் பெயர் இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெயர் தானாகவே போயிருந்தது. செயலாளர் போன் செய்து, இப்பத்தான் உங்க கம்ப்யூட்டரு ஒழுங்கா வேலை செய்யுது என்று பாராட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை.

அண்ணன் படுத்தபடி கண்ணாடிக் கதவு வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் குழாய் போட்டு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றதும் கேட்டார்.

"நாயகி, நம்ம பேரும் இப்படித்தான் பதினாறு நாள் நிக்குமா?"

மழை வருமா என்பது போலத்தான் கேட்டார். பேசாமல் படுங்கள் என்றேன். காலையில் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டேன். அரை டம்ளர் என்றார். பொய்யாகத்தான் இருக்கும். பதிலுக்குத் திட்டிவிட்டு வெளியே வந்தேன்.

தெய்வானையக்கா சாப்பிடப் போயிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிரலைத் திறந்தேன். மையத்தில் அண்ணனின் எண் முப்பத்தொன்று. பொத்தானுக்கு அடியில் ஒரு வரி சேர்த்தேன். எண் முப்பத்தொன்று என்றால் ஒன்றும் செய்யாதே, திரும்பிப் போ. இப்படி எழுதக் கூடாது. என் மாணவர்கள் யாராவது எழுதியிருந்தால் சென்டரை விட்டே துரத்தியிருப்பேன். நாளைக்கு யாராவது பார்த்து என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

எழுதியதைச் சோதிக்க வேண்டுமல்லவா? படிவத்தில் சிவமலை என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தேன். 'விலகல்'. இன்றைய தேதி. பொத்தானை அழுத்தினேன்.

இடது ஃபிரேம் அப்படியே இருந்தது. வலதும் அப்படியே. கீழே பெயரும் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன், பிறகு இன்னொரு தடவை. ஒன்றுமே நடக்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்காததற்காக நான் சந்தோஷப்பட்டது இன்றுதான்.